காணாமல் போன பேஸ்

கல்லூரி விடுதியில் மெட்டாலிகாவின் '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' (1988) ஆல்பத்தை முதன்முதலாகக் கேட்டபோது என் இயர்போன் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். கிட்டார் காதைக் கிழிக்கிறது, டிரம்ஸ் டொக் டொக்கென்று அடிக்கிறது, பேஸ் கிட்டாரைக் காணோம். அறைத்தோழனின் இயர்போனை வாங்கிப் பார்த்தேன். அதிலும் இல்லை. "டேய், ஆல்பமே அப்படித்தான்டா" என்றான்.

தனித்தனியாகப் பதிவான குரலையும் கருவிகளையும் இடம், வலம் என்ற இரண்டு சானல்களுக்குள் சேர்ப்பது மிக்ஸிங். எது முன்னால் நிற்கும், எது பின்னால் போகும் என்பது அங்கே முடிவாகிறது. இந்த ஆல்பத்தில் ஜேசன் நியூஸ்டெடின் பேஸ் பெரும்பாலும் ரிதம் கிட்டார் போகும் வழியிலேயே போகிறது. அந்தக் கிட்டாரோ கீழ்ஸ்தாயியையும் அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஒன்று மற்றதை மூடிவிடும். இது பாதிக் காரணம். மீதிப் பாதி மனிதர்கள். பேஸை நன்றாகக் குறைக்கச் சொன்னவர் டிரம்மர் லார்ஸ் உல்ரிக் என்று மிக்ஸ் செய்தவர்களில் ஒருவரான ஸ்டீவ் தாம்சன் பின்னாளில் பேட்டியில் சொன்னார்.

1986இல் ஸ்வீடனில் நடந்த பேருந்து விபத்தில் குழுவின் பேஸ் கலைஞர் க்ளிஃப் பர்ட்டன் இறந்தார். அவர் இடத்துக்கு வந்தவர் நியூஸ்டெட். க்ளிஃபின் நினைவாக 'டு லிவ் இஸ் டு டை' இதே ஆல்பத்தில் இருக்கிறது. போனவருக்கு ஒரு பாடல் கிடைத்தது. வந்தவருக்கு ஒலியளவுகூடக் கிடைக்கவில்லை. அந்த இடத்தில் இன்னொருவர் வாசிப்பதை அவர்களால் கேட்க முடியவில்லை என்றே இந்த மிக்ஸை நான் புரிந்துகொள்கிறேன்.

இதை நியாயப்படுத்தத்தான் முதலில் நினைத்தேன். பேஸ் இல்லாத அந்த வறட்சிதானே 'ஒன்' போன்ற பாடலை இவ்வளவு குரூரமாக்குகிறது? உண்மைதான். 2018இல் ரீமாஸ்டர் செய்தபோதும் குழு அதை மாற்றவில்லை.

ஆனால் எங்கள் டீமில் எல்லோருக்கும் பிடித்த ஒருத்தர் வேலையை விட்டுப் போனார். அவர் இடத்துக்கு ஒரு பையன் வந்தான். மீட்டிங்கில் அவன் பேசினால் யாரும் எதிர்க்கவில்லை. பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான். நானும்தான். ஆறு மாதத்தில் அவனே பேசுவதை நிறுத்திக்கொண்டான்.

அதற்குப் பிறகு, ரசிகர்கள் பேஸை ஏற்றி இணையத்தில் போட்ட பதிப்பு ஒன்றைத் தேடிக் கேட்டேன். ஆல்பம் கொஞ்சம் சாதுவாகிவிட்டது, மறுக்கவில்லை. ஆனால் நியூஸ்டெட் அங்கே இருந்தார். ஒரு இடத்திலும் பிசகாமல் வாசித்திருக்கிறார்.