மூன்று அந்தணர்கள் (தி மூன்ஸ்டோன்)

மூன்று அந்தணர்கள், வில்கி காலின்ஸ் எழுதிய 'தி மூன்ஸ்டோன்' நாவலின் துணைப் பாத்திரங்கள். விக்டோரியா அரசியின் காலத்தைச் சேர்ந்த இந்நாவல், சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய 'ஆல் தி இயர் ரவுண்ட்' வார இதழில் 1868-ஆம் ஆண்டு தொடராக வெளிவந்தது. ஆங்கிலத் துப்பறியும் நாவலின் முன்னோடிகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. இதில் சந்தேகத்துக்கு உள்ளாகும் இம்மூவரே, தேடிய பொருளைக் கண்டடையும் துப்பறிவாளர்களாகவும் இருக்கிறார்கள்.

கதையில் இடம்

சந்திர தேவனின் சிலையில் பதிந்திருந்த வைரம் ஒன்றைத் தலைமுறை தலைமுறையாக மூன்று அந்தணர் காக்க வேண்டும் என்பது கதையில் வரும் தெய்வ ஆணை. பல கைகள் மாறிய வைரம் திப்பு சுல்தானிடம் வந்து சேர்கிறது. 1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது ஹெர்ன்காசில் என்ற ஆங்கிலேய அதிகாரி காவலர்களைக் கொன்று அதை எடுத்துக்கொள்கிறான். வைரம் கற்பனை, போர் கற்பனையன்று. மைசூர்ப் போர்கள் தமிழகக் கோயில் நகரங்களையும் விட்டுவைக்கவில்லை. மூன்றாம் மைசூர்ப் போரின்போது திருவண்ணாமலை திப்புவின் வசமானது.

ஹெர்ன்காசிலின் உயில்படி வைரம் அவன் மருமகள் ரேச்சலுக்கு 1848-இல் அவளுடைய பிறந்தநாளன்று தரப்படுகிறது. அன்றிரவே காணாமல் போகிறது. வித்தைக்காரர் வேடத்தில் அவ்வீட்டுக்கு வந்த மூன்று இந்தியர்களை உள்ளூர்க் காவலர் பிடித்து அடைக்கிறார்கள். அவர்கள் திருடவில்லை என்று தெரிந்ததும் விடுவிக்கிறார்கள்.

துப்பறிவாளர்களாக

லண்டனிலிருந்து வரும் சார்ஜண்ட் கஃப் புகழ்பெற்றவர். ஆனால் அவர் முதலில் ரேச்சலையே சந்தேகிக்கிறார். அந்தணர்களின் தலைவரோ வழக்கறிஞர் பிரஃபைச் சந்தித்து ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: கடன் வாங்கியவர் எவ்வளவு காலத்தில் திருப்பித் தர வேண்டும்? ஓராண்டு என்பது பதில். வைரம் அடகில் இருக்கிறது, ஓராண்டில் மீட்கப்படும் என்று கணித்து மூவரும் காத்திருக்கிறார்கள். தடயம், ஊகம், பொறுமை ஆகிய மூன்றும் இங்கே அவர்களிடமே உள்ளன. பக்திமானாக நடித்த உண்மைத் திருடன் ஏபிள்வைட்டைக் கொன்று, வைரத்தைத் தாய்நாட்டுக்குக் கொண்டு செல்கிறார்கள்.

மதிப்பீடு

நாவல் பலருடைய வாக்குமூலங்களாக அமைந்தது. வீட்டுப் பணியாளர் பெட்டரெட்ஜுக்கும் அதில் தம் பங்கைச் சொல்ல இடம் உண்டு. கொள்ளை கொடுத்த தரப்பைச் சேர்ந்த இம்மூவருக்கு வாக்குமூலமும் இல்லை, பெயரும் இல்லை. இந்தியாவில் சுற்றிய பயணி மர்த்வெய்ட் அவர்களை விலங்குகளோடு ஒப்பிடுகிறார். மையைப் பார்த்துக் குறி சொல்லும் சிறுவனை உடன் அனுப்பியிருப்பது, கீழை நாடு என்றாலே மாயம் என்ற அக்கால எண்ணத்தின் சாயல். இவை நாவலின் குறைகள்.

ஆயினும் காலின்ஸ் அவர்களைத் தண்டிக்கவில்லை. கொலைக்காக அவர்கள் பிடிபடுவதும் இல்லை. கடல் கடந்ததாலும் வேடம் பூண்டதாலும் சாதியை இழந்த மூவரும், வைரம் மீண்டும் சிலையின் நெற்றியில் ஒளிரும் நாளில், இனி ஒருபோதும் சந்திக்காதபடி வெவ்வேறு திசைகளில் யாத்திரை புறப்படுகிறார்கள். அவர்களுக்குக் கிடைத்த ஊதியம் எதுவும் இல்லை. 'யார் திருடியது?' என்று தொடங்கும் கதை 'யாருடையது?' என்ற கேள்வியில் முடிகிறது. 1857 எழுச்சி நடந்து பத்து ஆண்டுகளே கடந்திருந்த இங்கிலாந்தில் இது துணிவான முடிவு.

அக்கேள்வி பழையதாகிவிடவில்லை. தஞ்சை வட்டாரத்துப் பத்தூரில் 1976-இல் மண்ணுக்கடியில் கிடைத்த நடராசர் சிலை கள்ளத்தனமாக லண்டன் சென்றது. அங்கு நடந்த வழக்கில் கோயிலே உரிமை கோரும் தரப்பாக ஏற்கப்பட்டது. 1991-இல் சிலை இந்தியாவுக்குத் திரும்பியது. காலின்ஸின் அந்தணர்களுக்கு அப்படி முறையிட எந்த நீதிமன்றமும் இருக்கவில்லை. அவர்கள் செய்த கொலையை நாவல் நியாயப்படுத்தவில்லை. ஆனால், கொள்ளைப் பொருளை மீட்கச் சட்டம் வழிவிடாதபோது காவலர் குற்றவாளி ஆகிவிடுகிறார் என்பதைப் பெயரில்லாத இம்மூவர் வழியாகக் காட்டுகிறது.