22 நிமிடச் சூரியன்

அவுட்டர் வைல்ட்ஸில் 22 நிமிடத்துக்கு ஒருமுறை சூரியன் வெடிக்கிறது. நீங்கள் எந்தக் கிரகத்தில் நின்றாலும் சாவுதான். மறுபடி புறப்பட்ட இடத்திலேயே கண் விழிப்பீர்கள். சுற்றித் திரியவென்றே செய்த கேமுக்கு இப்படியொரு கெடுவா என்று தயங்கி, தொடாமலே விட்டவர்கள் உண்டு. தலவாக்கலையில் உட்கார்ந்து இதை முழுதாக முடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தக் கெடுவை எடுத்துவிட்டால் தேடிப் பார்க்க அங்கே பெரிதாக ஒன்றுமிருக்காது.

அலெக்ஸ் பீச்சம் தன் முதுகலைப் படிப்பில் தொடங்கிய வேலை இது. மோபியஸ் டிஜிட்டல் அதை முழு கேமாக வளர்த்தது; 2019இல் வெளிவந்து, மறு ஆண்டு சிறந்த கேமுக்கான பாஃப்டா விருதை வாங்கியது.

திரையில் கடிகாரம் கிடையாது. நேரத்தைக் கிரகங்களே காட்டுகின்றன. ஆஷ் ட்வின், எம்பர் ட்வின் என்று இரட்டைக் கிரகங்கள். ஒன்றிலிருந்து மற்றதற்கு மணல் தூணாகக் கொட்டுகிறது. தொடக்கத்தில் எம்பர் ட்வினின் குகைகளுக்குள் தாராளமாக நடக்கலாம். கொஞ்சம் தாமதித்தால் கால் மட்டத்தில் மணல் ஏறும். வந்த வழி அடையும். கூரைக்கும் மணலுக்கும் நடுவே நசுங்கிச் சாக வேண்டியதுதான். அதே நேரத்தில் ஆஷ் ட்வினில் மணல் வடிந்து, புதைந்திருந்த கோபுரங்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். பிரிட்டில் ஹாலோவின் நிலமோ துண்டு துண்டாக உடைந்து நடுவிலுள்ள கருந்துளைக்குள் விழும்.

எங்கள் ஊர்க்காரருக்கு இது புதிதல்ல. மேல் கொத்மலை நீர்மின் திட்டத்துக்குப் பிறகு சென்கிளேயர் அருவியில் பகலில் இத்தனை மணிநேரம் நீர் விடுவதென்றுதான் ஏற்பாடு. இடம் தெரிந்தால் போதாது, வேளையும் தெரிய வேண்டும்.

கெடு பயத்தைக் கூட்டும் என்றுதான் நினைப்போம். இங்கே நடப்பது நேர்மாறு. சேர்த்து வைக்க ஆயுதமோ புள்ளியோ இல்லை. கண்டறிந்தவை உங்கள் விண்கப்பலின் குறிப்பேட்டில் பதிந்துவிடும், செத்தாலும் அழியாது. முடிவு நெருங்கும்போது ஆண்ட்ரூ பிராலோவின் இசை ஒலிக்கத் தொடங்கும். எப்படியும் போகப்போகிற உயிர்தானே என்று, அதுவரை எட்டிப் பார்த்துவிட்டு ஒதுங்கிய பள்ளத்துக்குள் குதித்துவிடுவேன். நல்ல கண்டுபிடிப்புகள் சில அப்படித்தான் கிடைத்தன.

2018இல் வந்த மினிட்டில் ஓர் உயிருக்கு 60 விநாடிதான், எண்ணிக்கையும் கண் முன்னே ஓடும். அது சாமர்த்தியமான கேம். ஆனால் வழியை மனப்பாடம் செய்து ஓடத்தான் வைக்கிறது, நின்று பார்க்க விடுவதில்லை. டொரன்டோவின் விசை கேம்ஸ் 2023இல் தந்த வெண்பா என்ற கேமில் சமையலுக்குக் கடிகாரமே வைக்கவில்லை. அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பை ஊகித்துச் சமைக்கும் கதைக்கு அவசரம் ஒத்துவராது. சரியான முடிவு.

அவுட்டர் வைல்ட்ஸில் எரிச்சலூட்டுவதும் உண்டு. பாதியில் செத்தால் அதே கிரகத்துக்கு மறுபடி பறக்க வேண்டும். ஆஷ் ட்வினில் மணல் வடியும்வரை காத்திருப்பது வெறும் அலுப்பு. தீ மூட்டியிருக்கும் இடத்தில் தூங்கி நேரத்தைத் தள்ளலாம் என்பது ஒரு ஆறுதல்.

கேமில் வாசிக்க நிறைய இருக்கிறது, தமிழ் கிடையாது. வாசிக்கையில் நேரம் நிற்கும்படி செட்டிங்ஸில் வசதி இருக்கிறது. முதலிலேயே அதைப் போட்டுவிடுங்கள். ஆங்கிலத்தை நிதானமாக வாசிப்பவருக்கு அது இல்லாவிட்டால் கெடு அநியாயமாகிவிடும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத பழைய லேப்டாப்பில் முயல வேண்டாம். மெனுவுக்குப் போய் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். அந்தச் சுற்று மட்டும்தான் போகும், குறிப்பேடு அப்படியே இருக்கும். வேலை முடிந்து இரவில் ஒரு சுற்று, நாளைக்கு இன்னொன்று என்று ஆடுகிறவர்களுக்கு 22 நிமிடம் நல்ல அளவு.