பதினாறு ஊர்க் கச்சேரி

அயர்ன் மெய்டனின் ‘ஃப்ளைட் 666’ லைவ் ஆல்பத்தை நான் பாதி பாட்டுக்காகவும் பாதி கூட்டத்துக்காகவும் கேட்கிறேன். 2009-இல் வந்தது. 16 பாட்டு, ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஊரில் பதிவானது. முதல் பாட்டு மும்பையில், 2008 பிப்ரவரி 1 அன்று. உலகப் பயணத்தின் முதல் இரவு அதுதான். கடைசிப் பாட்டு மார்ச் 16, டொராண்டோ. அந்தச் சுற்றின் கடைசி இரவு. இடையே 45 நாளில் 23 கச்சேரி. குழு, பணியாட்கள், 12 டன் சாமான் எல்லாம் ஒரே போயிங் 757-இல். விமானி, பாடகர் புரூஸ் டிக்கின்சனேதான். தொண்டைக்கு ஓய்வு தர வேண்டிய மனிதர்!

‘ஏசஸ் ஹை’யை முதலில் வைப்பதே துணிச்சல். சர்ச்சிலின் போர்க்கால உரை ஒலித்து முடிந்ததுமே, குரல் சூடேறுவதற்குள் மேல்ஸ்தாயிக்கு இழுத்துப் போகும் பாட்டு அது. முந்தைய ஆண்டு மார்ச்சில் பெங்களூரு அரண்மனை மைதானத்தில்தான் இந்தக் குழு முதன்முதலாக இந்தியாவில் வாசித்தது. அதுவரை கேசட்டிலேயே இவர்களைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு மும்பை இரண்டாவது வாய்ப்பு. சென்னையிலிருந்து ரயிலேறிப் போனவர்களும் அந்தக் கூச்சலுக்குள் இருந்திருப்பார்கள்.

ஆனால் கூட்டத்தின் உச்சம் புவனஸ் ஐரிஸ். ‘ஃபியர் ஆஃப் தி டார்க்’ கிட்டாரின் மெதுவான மெட்டோடு தொடங்குகிறது. பாடகர் வாய் திறக்குமுன் கூட்டம் அந்த கிட்டார் மெட்டையே பாடுகிறது. சாகித்தியம் வேண்டாம், மொழி வேண்டாம், ஸ்வரம் போதும். நம் சபாவில் வயலினோடு சேர்ந்து யாராவது இப்படி முனகினால் முன்வரிசை திரும்பி முறைக்கும். இங்கே அந்த முனகல் இல்லாவிட்டால் பாட்டே பாதிதான்.

‘ரைம் ஆஃப் தி ஏன்ஷியன்ட் மரைனர்’ நியூ ஜெர்சியில் பதிவானது. கோல்ரிட்ஜ் கவிதையை ஒட்டி, 13 நிமிடத்துக்கும் மேலே நீளும் பாட்டு. நடுவில் டிரம்ஸும் கிட்டார்களும் அடங்கி, ஸ்டீவ் ஹாரிஸின் பேஸ் மட்டும் நகர்கிறது. பிக் பிடிக்காமல் விரலாலேயே மீட்டுகிறவர். காற்று செத்த கடலில் மரக்கப்பல் முனகுகிறது. நான் இதைக் கேட்கும் புதுப்பட்டினம் கரையில் இப்போது நிற்பவை ஃபைபர் படகுகள், அவை முனகுவதில்லை. கல்பாக்கம் விளக்குகள் தெரிகிற மணலில் உட்கார்ந்து, ஹெட்போனில் அந்த மர ஓசையைக் கேட்கும்போது, மறுபடி கிட்டார்கள் மூன்றும் சேர்ந்து பாயும் தருணம் உடம்பில் விழுகிறது. அந்தப் பாய்ச்சலுக்காகத்தான் அத்தனை நிமிட அமைதியும்.

குறை ஒன்று உண்டு. ஊர் விட்டு ஊர் தாவுவதால் யாரும் களைப்பதே இல்லை. ஒரே அரங்கின் வியர்வை, நாலாவது பாட்டில் கரகரத்து ஒன்பதாவதில் தெளியும் குரல், இதெல்லாம் ஒட்டுப்போட்ட பதிவில் கிடைக்காது. அதற்கு 1985-இன் ‘லைவ் ஆஃப்டர் டெத்’துக்குத்தான் போக வேண்டும். மார்ட்டின் பிர்ச் தயாரித்த அதன் பெரும்பகுதி கலிபோர்னியாவின் லாங் பீச் அரங்கில் பதிவானது. அங்கே ‘ரன்னிங் ஃப்ரீ’யில் டிக்கின்சன் கூட்டத்தை இரண்டாகப் பிரித்து, யார் குரல் பெரிது என்று போட்டிக்கு விடுகிறார். நன்றாகத்தான் கத்துகிறார்கள். புவனஸ் ஐரிஸ்காரர்களிடம் அப்படிக் கேட்கவே வேண்டியிருக்கவில்லை.