வெண்பருத்தியில் தெறித்த செம்மை

க்வென்டின் டாரன்டினோ 2012-ஆம் ஆண்டில் அளித்த 'ஜாங்கோ அன்செயின்ட்' என்னும் திரைப்படம், அமெரிக்க உள்நாட்டுப் போருக்குச் சில ஆண்டுகள் முன்னர், 1858-இல், டெக்ஸாஸ் பிரதேசத்தில் விலங்கிட்டு நடத்திச் செல்லப்படும் அடிமைகளின் வரிசையில் தொடங்கி, மிசிசிப்பியில் ஒரு பண்ணை மாளிகை வெடித்துச் சிதறுவதில் முடிகிறது. இறுதித் துப்பாக்கிச் சமர் அவசியத்துக்கு மேல் நீள்கிறதென்பது என் அபிப்பிராயம்.

ஆனால் டென்னஸி பண்ணையில் ஒரு க்ஷணமே நிலைக்கும் காட்சியொன்று முழுப் படத்தையும் தாங்குவதற்குப் போதுமானது. குதிரைமீது தப்பியோடும் கங்காணியை, ஜாங்கோவின் கூட்டாளியும் வெகுமதிக்காகக் குற்றவாளிகளை வேட்டையாடுபவருமான டாக்டர் ஷுல்ட்ஸ் தொலைவிலிருந்தே சுட்டு வீழ்த்த, அவனுடைய உதிரம், வெடித்துக் காத்திருக்கும் வெண்பருத்திக் காய்களின்மேல் தெறித்துச் சிவக்கிறது. எத்தனையோ தலைமுறை அடிமைகளின் விரல்கள் கிழிந்து பறித்த அந்தப் பருத்தி, அமெரிக்கத் தென்பகுதியின் செல்வத்துக்குப் பேராதாரமாயிருந்த அந்தப் பருத்தி, பறித்தவர்களின் குருதியையே அதுகாறும் அறிந்திருந்ததாதலால், சாட்டையேந்தியவனின் குருதி அதன்மீது படுவதைக் கண்டதும் நெஞ்சில் எழும் ஆவேசத்தை நான் மறைக்க விரும்பவில்லை. ஒளிப்பதிவாளர் ராபர்ட் ரிச்சர்ட்சன் அங்கே வேறெதையும் காட்டவில்லை; வசனமும் இல்லை. சரித்திர நூல்கள் பக்கம் பக்கமாக விவரிக்கும் கொடுமையை இரண்டே வர்ணங்களில் உரைக்கத் துணிந்த அந்தக் கலைத்திறனை எத்துணை போற்றினும் தகும்.