டோர்பல்: மாட்டுக் கணக்கும் ஆள் கணக்கும்

பொதுவள மேலாண்மை பற்றி யார் எழுதினாலும் டோர்பல் வந்துவிடும். சுவிட்சர்லாந்தின் வலே மாநிலத்தில், விஸ்ப் பள்ளத்தாக்குச் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிற்றூர். ராபர்ட் நெட்டிங் 1981-ல் வெளியிட்ட 'பேலன்சிங் ஆன் அன் ஆல்ப்' இந்த ஊரைப் பற்றியது. 1990-ல் எலினார் ஆஸ்ட்ரம் எடுத்தாண்டார். 2009-ல் அவருக்கு நோபல் கிடைத்தபின் டோர்பல் கிட்டத்தட்ட பாட்டி கதை ஆயிடுச்சு. ஊரார் கூடிப் பேசினார்கள், மேய்ச்சல் நிலம் பிழைத்தது, காரெட் ஹார்டின் தோற்றார், சுபம்.

நெட்டிங்கையே படிச்சா கதை இவ்வளவு இனிப்பா இல்லை.

1517-ம் ஆண்டு விதியை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள்: குளிர்காலத்தில் எத்தனை பசுவுக்குத் தீனி போட முடியுமோ, கோடையில் அத்தனையைத்தான் மலைமேய்ச்சலுக்கு ஓட்டலாம். கெட்டிக்கார விதிதான். மலையை அளக்க வேண்டாம், தொழுவத்தை எண்ணினால் போதும். மீறினால் அபராதம், அதில் பாதி வசூலிக்கும் ஊர் அதிகாரிக்கே. அப்புறம் அவர் கண்ணயர்வாரா?

ஆனால் அந்தக் குளிர்காலத் தீனி எங்கேர்ந்து வருது? அவரவர் சொந்தப் புல்வெளியில் அறுத்துக் காயவைத்த புல். (வைக்கோல் என்று மொழிபெயர்க்கிறார்கள்; வைக்கோல் நெல்லுக்குத்தானே.) ஆக, சொந்தப் புல்வெளி அதிகம் உள்ளவருக்குப் பொதுமேய்ச்சலிலும் அதிகப் பங்கு. ஆஸ்ட்ரம் தனிநிலத்தை மறைக்கவில்லை. அவரைச் சுருக்கிச் சொல்பவர்கள்தான் அதை விட்டுவிடுகிறார்கள். மகன், மகள் எல்லாருக்கும் சமமாகச் சொத்தைப் பிரிக்கும் வழக்கம் இருந்ததால், ஒரே குடும்பத்தில் நிலம் தலைமுறை தலைமுறையாகக் குவியவில்லை என்பதையும் சொல்லணும்.

அடுத்து 1483-ம் ஆண்டு ஆவணம். வெளியூர்க்காரர் டோர்பலில் நிலமே வாங்கினாலும் பொதுமேய்ச்சலில் உரிமை கிடையாது, மரம் வெட்டவும் கூடாது. கதவைச் சாத்திவிட்டுத்தான் உள்ளே ஒற்றுமை. ஆஸ்ட்ரம் இதை 'தெளிவான எல்லை' என்ற தலைப்பில் வைப்பார். வெளியே நிற்பவருக்கு அந்தச் சொல் அவ்வளவு சாதுவாகக் கேட்காது.

என்னை அதிகம் உறுத்துவது வேறு. நெட்டிங் பங்குக் கோயில் பதிவேடுகளைப் புரட்டிக் குடும்பங்களைத் தொடர்கிறார்: தாமதமான கல்யாணம், கல்யாணமே ஆகாமல் போனவர்கள், ஊரைவிட்டுப் போனவர்கள். மலைக்கும் வாய்களுக்கும் கணக்கு சரியாக இருந்தது இவர்களாலும்தான். மேய்ச்சல் விதியைப் பாடமாக வைக்கும் வகுப்புகளில் இந்த அத்தியாயங்களையும் வைக்கலாம். புல் பற்றிய பக்கங்களைவிட இவைதான் நூலின் பலமான பகுதி.