காது கொடுக்கும் மெக்கானிக்

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று கூப்பிட்டால், நல்ல மெக்கானிக் பானட்டைத் திறக்க அவசரப்படமாட்டார். “சாவியைத் திருப்புங்க சார்” என்று சொல்லிவிட்டுக் காது கொடுத்துக் கேட்பார். அந்தச் சில நொடிகள் மீது எனக்குத் தனி மரியாதை.

‘டக்டக்டக்’ என்று விடாமல் தட்டினால் பேட்டரியில் தெம்பில்லை, அல்லது டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை. ஒரே ஒரு ‘டக்’கோடு அடங்கினால் சந்தேகம் ஸ்டார்ட்டர் பக்கம் போகும். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்காவிட்டால் பெட்ரோலையோ ஸ்பார்க்கையோ பார்க்க வேண்டும்.

மீட்டர் பிறகுதான். முழு சார்ஜில், ஓய்வில் இருக்கும் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும்.

எனக்கு மிகப் பிடித்தது டெர்மினலைச் சுத்தம் செய்யும் நேர்த்தி. முதலில் மைனஸைக் கழற்றுவார். பிளஸ்ஸில் வைத்த ஸ்பேனர் தவறிப்போய் பாடியில் பட்டாலும் பொறி பறக்காது. பூத்திருக்கும் வெண்பச்சைப் பொடியின் மேல் வெந்நீரை ஊற்றி, துடைத்து, ஈயம் பளிச்சிடும்வரை உப்புத்தாளால் தேய்ப்பார். மாட்டும்போது மைனஸ் கடைசி. புது பேட்டரியை விற்றுவிடக்கூடிய இடத்தில் பொடியைத் துடைத்துக் கொடுக்கிறாரே, அவரைத் தேடிப் போவேன், கடை எவ்வளவு தூரமானாலும்.