இது என்ன பறவை? – வீட்டுப் பறவைப் படங்கள் மீது ஒரு விமர்சனம்

இணையத்தில் பறவைப் படங்கள் பகிரும் இடங்களில் அடிக்கடி ஒரு படம் வரும். உடம்பெல்லாம் பழுப்பு, அதன் மேல் வெள்ளைப் புள்ளிகள், வாலில் குறுக்குப் பட்டைகள், சிவந்த கண். "வீட்டு வேப்பமரத்தில் எடுத்தேன், இது என்ன பறவை?" என்று கேட்டிருப்பார்கள். ஒரு நிமிடத்துக்குள் பதிலும் வந்துவிடும்: பெண் குயில்.

கேட்டவர் பெரும்பாலும் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவராக இருப்பார். குயில் கூவுவதைக் கேட்காத கோடைகாலம் அவர் வாழ்க்கையில் ஒன்றுகூட இருந்திருக்காது. ஆனால் நாம் ரசிக்கும் அந்தக் கூவல் ஆணுடையது. பெண் குயில் 'கிக் கிக் கிக்' என்று அவசரமாகக் கத்திக்கொண்டு மரம் விட்டு மரம் பறக்கும். அந்தக் கத்தலையும், பின்னால் துரத்தி வரும் காக்கையையும் சேர்த்துப் பார்த்தவருக்கு அது குயில்தான் என்று ஊகிக்கப் பெரிய புலமை வேண்டாம். படத்தில் கத்தலும் இல்லை, காக்கையும் இல்லை. தெரிந்த பறவையே அங்கே தெரியாத பறவையாகிவிடுகிறது.

இந்தக் கட்டுரை அந்த இழப்பைப் பற்றியது. கேமரா வைத்திருப்பவர்களைக் குறை சொல்வது என் நோக்கம் இல்லை. வீட்டைச் சுற்றியுள்ள பறவைகளை இவ்வளவு பேர் ஆர்வமாகப் பார்ப்பதே நல்ல விஷயம். ஆனால் 'பறவைப் படம்' என்பது இப்போது ஒரு வகைமையாகவே ஆகிவிட்டது. அதற்கென்று ஓர் இலக்கணம் உருவாகியிருக்கிறது. அந்த இலக்கணத்தில் எனக்குச் சில சண்டைகள் உண்டு.

மங்கிய பின்புலம்

நல்ல பறவைப் படம் என்று இன்று பாராட்டப்படுவது எது? இலையில்லாத ஒற்றைக் குச்சியில் ஒரு பறவை. கண் கூர்மையாக இருக்க வேண்டும், கண்ணில் ஒரு ஒளிப்புள்ளி இருக்க வேண்டும். பின்னால் இருப்பதெல்லாம் கரைந்து, பச்சையோ பழுப்போ ஒரே நிறமாக வேண்டும். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அப்படிக் கரைத்துவிட்ட பின்னால்தான் பறவையின் முகவரி இருக்கிறது. எந்த மரம், தரையிலிருந்து எவ்வளவு உயரம், கூட யார் இருந்தார்கள், என்ன செய்துகொண்டிருந்தது – எல்லாமே போய்விடுகிறது.

தவிட்டுக்குருவியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு, எட்டு, பத்து என்று கும்பலாகத் தரையில் தத்தித் தத்தி, சருகைப் புரட்டிக்கொண்டே ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும். தூரத்திலிருந்து பார்த்தாலே தெரிந்துவிடும். அதையே தனியாகக் குச்சியில் உட்கார்த்திப் படம் எடுத்தால், வெளிறிய கண்ணுடைய ஏதோ ஒரு பழுப்புப் பறவை, அவ்வளவுதான்.

நம்முடைய பெயர்களையே பாருங்க. நிறத்தால் வந்த பெயர்கள் உண்டு. தவிட்டுக்குருவியும் கரிச்சானும் அப்படித்தான். ஆனால் ஆளைக் கண்டால் கத்தி ஊரைக் கூட்டுவது ஆள்காட்டி. மாட்டின் பக்கத்திலேயே திரிவது உண்ணிக்கொக்கு. இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டுவது தையல்சிட்டு. நிற்காமல் வாலை ஆட்டுவது வாலாட்டி. 'குக் குக் குக்' என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பது குக்குறுவான். பெயர் வைத்தவர்கள் இறகைவிடப் பழக்கத்தையும் குரலையும் அதிகம் நம்பியிருக்கிறார்கள். அவர்கள் நம்பிய இரண்டையும்தான் இன்றைய படம் வெட்டி எறிகிறது.

படம் சொல்லும் பொய்கள்

படம் உண்மையைத்தான் காட்டும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. முருங்கைப் பூவுக்கு வரும் தேன்சிட்டுகளிடம் அதைச் சோதித்துப் பார்க்கலாம். ஊதாத் தேன்சிட்டு, லோட்டன் தேன்சிட்டு இரண்டின் ஆண்களும் வெயில் சரியான கோணத்தில் பட்டால் நீலமும் ஊதாவுமாக மின்னும். அந்த மினுமினுப்பு சாயத்தால் வருவதில்லை. இறகின் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் வருவது. எதிர்வெயிலில் எடுத்தால் இரண்டுமே வெறும் கறுப்பு. லோட்டனுக்கு அலகு நீளம், வளைவும் அதிகம். அதுதான் நல்ல அடையாளம். பறவை நம்மைப் பார்த்துத் திரும்பியிருக்கும் நொடியில் படம் எடுத்தால் அந்த வளைவும் தெரியாது. ஐந்து நிமிடம் நின்று பார்த்தவருக்கு அலகு பக்கவாட்டில் பத்து முறையாவது தெரிந்திருக்கும்.

இன்னொன்று அக்காக்குயில். நிறம், வயிற்றுப் பட்டைகள், பறக்கும் விதம் எல்லாவற்றிலும் அது வைரியைப் போலவே இருக்கும். கீழிருந்து எடுத்த மங்கலான படத்தை வைத்துக்கொண்டு எத்தனையோ வாக்குவாதம் நடக்கிறது. ஆனால் கோடையில், மழைக்கு முன்பு, படிப்படியாக ஏறிக்கொண்டே போகும் அதன் குரலை ஒரு தடவை கேட்டால் வாக்குவாதத்துக்கே இடமில்லை.

குளிர்காலத்தில் நம் வேலிகளுக்கு வடக்கிலிருந்து வரும் பிளித் நாணல் கதிர்க்குருவி இதைவிட நல்ல உதாரணம். பட்டை இல்லை, புள்ளி இல்லை, மினுமினுப்பு இல்லை. மங்கிய பழுப்பு ஒன்றுதான். புதருக்குள்ளேயே இருக்கும். அதைக் கண்டுபிடிக்க வைப்பது, இரண்டு கூழாங்கற்களைத் தட்டுவது போன்ற 'டக்... டக்' ஒலி. அதற்கு நல்ல படம் கிடைப்பது கஷ்டம். படம் இல்லாததால் நம் தோட்டத்துப் பறவைத் தொகுப்புகளில் அதற்கு இடமும் இல்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து நம் வேலியில் பல மாதம் தங்கிவிட்டுப் போகும் ஒரு விருந்தாளி, அழகாக இல்லை என்பதற்காகவே கணக்கில் வராமல் போகிறது.

பறவைக் கையேடுகள் பலவும் இன்றும் ஓவியங்களையே பயன்படுத்துவது ஏன் என்று இங்கே புரியும். அமெரிக்காவில் ரோஜர் டோரி பீட்டர்சன் 1934இல் வெளியிட்ட கையேட்டில், பறவையின் ஓவியத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்று சிறு கோடுகள் சுட்டிக்காட்டின. சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் நூல் 1941இல் வந்தது; அதுவும் ஓவியங்களோடுதான். ஓவியர் நூறு பறவைகளைப் பார்த்து ஒன்றை வரைகிறார். ஒன்றுபோல் இருக்கும் இனங்களை ஒரே வெளிச்சத்தில், ஒரே நிலையில் பக்கம் பக்கமாக வைக்கிறார். புகைப்படம் ஒரு பறவையின் ஒரு நொடி. அந்த நொடி இனத்துக்கே பொதுவானதா என்பது படத்திலிருந்து தெரியாது.

சரி, அப்போ படமே எடுக்கக் கூடாதா?

அப்படிச் சொன்னால் அது அநியாயம். காங்கிரஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆலன் ஆக்டேவியன் ஹியூம், தோல்களும் முட்டைகளும் கூடுகளுமாகச் சுமார் 80,000 பறவை மாதிரிகளை 1885இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அந்தக் காலத்தில் ஒரு பறவையைப் 'பதிவு' செய்வது என்றால் பெரும்பாலும் சுடுவது. துப்பாக்கி இருந்த இடத்துக்குக் கேமரா வந்தது பெரிய விடுதலை. அரிதான பறவை ஊருக்கு வந்தால் படம்தான் சாட்சி. கரிச்சானின் வாயோரத்தில் இருக்கும் சின்ன வெள்ளைப் புள்ளியைப் பெரிதாக்கிப் பார்க்கவும் படம்தான் உதவும்.

எதிலும் எல்லை தாண்டினால்தான் பிரச்சினை. அதிகம் தாண்டப்படுவது கூட்டுப் படங்களில். தையல்சிட்டின் கூட்டை மறைக்கும் இலையை விலக்கிவிட்டுப் படம் எடுத்தவர் போய்விடுவார். காக்கையும் செம்போத்தும் அங்கேயேதான் இருக்கும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்குத் தரப்பட்டுள்ள விளக்கத்திலேயே, பறவையின் முட்டைகளையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அடங்கும். விருப்பக்குறிக்காக இலையை ஒதுக்குபவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பனங்காடை சொன்ன கணக்கு

என்னுடைய முக்கியமான புகார் இது. 'இந்தியப் பறவைகளின் நிலை' என்ற அறிக்கை 2023இல் வந்தது. சுமார் 30,000 பறவை ஆர்வலர்கள் பதிவேற்றிய ஏறக்குறைய 3 கோடிக் குறிப்புகளை வைத்து 942 இனங்களை அதில் ஆராய்ந்தார்கள். நீண்டகாலப் போக்கைக் கணிக்கும் அளவுக்குத் தரவு இருந்தவை 338 இனங்கள். அவற்றில் 204 குறைந்திருக்கின்றன. குயில் கூடியிருக்கிறது. நம் ஊர் மின்கம்பியில் உட்கார்ந்து, பறக்கும்போது மட்டும் நீலத்தைக் காட்டும் பனங்காடை குறைந்திருக்கிறது. அதன் அழிவு அபாய நிலையை உலக அளவில் மறுபடி மதிப்பிட வேண்டும் என்று அந்த அறிக்கை சொல்கிறது.

இந்த உண்மையைக் கொண்டுவந்தவை பட்டியல்கள். இத்தனை நிமிடம் பார்த்தேன், இவை இருந்தன, இத்தனை இருந்தன என்ற சாதாரணப் பட்டியல்கள். பார்த்ததையும் கேட்டதையும் ஒன்று விடாமல் எழுதும்போதுதான், எழுதப்படாதது அன்று தென்படவில்லை என்பது தகவலாகிறது. படத்தால் இதைச் செய்யவே முடியாது. இல்லாத பறவையை யாரும் படம் எடுக்க முடியாதே. 2010இல் எடுத்த பனங்காடைப் படமும் போன மாதம் எடுத்த படமும் ஒரே அழகாகத்தான் இருக்கும். இடைப்பட்ட ஆண்டுகளில் கம்பிகள் காலியானதை இரண்டுமே சொல்லாது.

மா. கிருஷ்ணனை இங்கே நினைத்துக்கொள்கிறேன். பெரும்பாலும் கறுப்பு வெள்ளையிலேயே படம் எடுத்தவர், பல பாகங்களைச் சேர்த்துத் தானே கேமராவை அமைத்துக்கொண்டவர். அதே மனிதர்தான் 1950 முதல் 1996இல் இறக்கும்வரை 'தி ஸ்டேட்ஸ்மன்' இதழில் இயற்கை பற்றிய பத்தியைத் தொடர்ந்து எழுதினார். காக்கை, மைனா மாதிரி யாரும் சட்டை செய்யாத பறவைகளும் அதில் உண்டு. அவருக்குப் படமும் குறிப்பும் தனித்தனி வேலைகளாக இருக்கவில்லை.

நான் கேட்பதும் அதைத்தான். படத்தைப் போடுங்கள், கீழே நாலு வரி எழுதுங்கள். தேதி, நேரம், எந்த மரம் அல்லது எந்தக் கம்பி, என்ன செய்தது, எப்படிக் கத்தியது, கூட எத்தனை இருந்தன. முடிந்தால், வாசலில் உட்கார்ந்து பதினைந்து நிமிடம், கேமராவை மடியில் வைத்துவிட்டு, வந்ததையெல்லாம் ஒரு பட்டியலாக எழுதுங்கள். காக்கை 6, தவிட்டுக்குருவி 8, வேலிக்குள் 'டக்' என்ற குரல் 1. இந்தப் பட்டியலுக்கு விருப்பக்குறி விழாது. ஆனால் பத்து வருடம் கழித்து உங்கள் வீட்டைச் சுற்றி எது குறைந்தது, எது கூடியது என்று யாராவது கேட்டால், எடுத்துக் காட்ட அதுதான் இருக்கும்.